மாங்காய்ப் பருவத்துக்கு முன் எடைச்சீட்டு மென்பொருளைச் சோதிப்பது: எங்கிருந்து தொடங்குவது?

ராயக்கோட்டை ரோடு கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரியில் ஐந்து பேர் மட்டுமே உள்ள ஒரு சிறு மென்பொருள் நிறுவனத்தில் நான் ஒருவன்தான் டெஸ்டர். மாங்காய் மண்டிகளுக்கும் மாங்கூழ் தொழிற்சாலைகளுக்கும் எடைச்சீட்டு, கமிஷன் பட்டியல், விவசாயிகளுக்கான பட்டுவாடாக் கணக்கு ஆகியவற்றைப் போடும் மென்பொருளைச் செய்து தருகிறோம்.

எடைக்கருவியிலிருந்து எண்ணைப் படித்துக் கொடுக்கும் பகுதி, முன்பு புளி மண்டிகளின் பிளாட்பாரத் தராசுகளுக்காக எழுதப்பட்டது. அதையே வண்டியோடு சேர்த்து எடை போடும் எடைமேடைக்கும் பயன்படுத்தினோம். இரண்டு பருவங்கள் டிராக்டரும் மினி லாரியும் ஏறி இறங்கியதில் ஒரு குறையும் தெரியவில்லை. சென்ற பருவத்தில்தான் முதன்முறையாக ஒரு கூழ்த் தொழிற்சாலைக்குக் கொடுத்தோம். கூழ் டிரம்களை ஏற்றிய டிரெய்லர் லாரி மேடையில் நின்றபோது, கருவியின் முகப்பில் 38,640 கிலோ என்று சரியாகக் காட்டியது. சீட்டில் மட்டும் மொத்த எடை மைனஸ் 26,896 என்று அச்சானது. எடைமேடைக்காரர் அன்று மாலை வரை கையால் சீட்டு எழுதினார். டெவலப்பர் இரவோடு இரவாகத் திருத்திவிட்டார். ஆகவே அந்தப் பிழை என் கேள்வியன்று.

நான் எழுதிவைத்திருந்த டெஸ்ட் கேஸ்கள் (எந்த உள்ளீட்டுக்கு எந்த விடை வர வேண்டும் என்ற சோதனைகள்) அத்தனையும் அதற்கு முந்தைய வாரம் தேறியிருந்தன என்பதே என்னை உறுத்துகிறது. முதலாளி இப்போது சோதனைகளைத் தானாகவே ஓட்டும் ஓர் ஆட்டோமேஷன் கருவி வாங்கலாம் என்கிறார். பெரிய நிறுவனங்களில் இருப்பதுபோல் டெஸ்ட் பிளான் ஆவணங்களையும் கேட்கிறார். அடுத்த வரத்து தொடங்க ஆறு வாரங்களே உள்ளன. எதை முதலில் செய்வது?

நல்லம்பள்ளி எழுதியது:

நான் தருமபுரிப் பக்கத்துக்காரன். பெங்களூரில் பல ஆண்டுகளாக டெஸ்டிங் வேலையில் இருக்கிறேன். 38,640-இலிருந்து 65,536-ஐக் கழித்துப் பாருங்கள், மைனஸ் 26,896 வரும். குறியுள்ள (பிளஸ், மைனஸ் இரண்டும் வரக்கூடிய) முழு எண்ணைக் கணினியில் 16 பிட், அதாவது பதினாறு 0/1 இலக்கங்கள் கொண்ட இடத்தில் வைத்தால் 32,767 வரைதான் கொள்ளும். அதற்குமேல் ஒரு கிலோ கூடினாலும் எண் சுற்றிக்கொண்டு மைனஸ் பக்கம் போய்விடும். பிளாட்பாரத் தராசில் அந்த அளவை எட்டும் மூட்டையே கிடையாது என்பதால் பிழை அங்கேயே படுத்திருந்தது.

1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ஏவுகலம் தன் முதல் பயணத்தில், புறப்பட்ட ஏறத்தாழ 40 விநாடிகளில் சிதறியதும் இதன் உறவுக்காரப் பிழையால்தான். கிடைமட்ட வேகத்தோடு தொடர்புடைய 64 பிட் எண் ஒன்றை 16 பிட்டுக்குள் மாற்றியபோது அது கொள்ளவில்லை. ஏரியான் 4-இல் பழுதின்றி ஓடிய நிரலை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். புதிய கலம் பறக்கப்போகும் பாதையின் எண்களைக் கொடுத்து அந்தப் பகுதியை யாரும் சோதித்திருக்கவில்லை. உங்கள் பிளாட்பாரத் தராசு ஏரியான் 4, எடைமேடை ஏரியான் 5 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே கருவி வாங்குவதற்கு முன், ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் எல்லை எது என்று டெவலப்பரோடு உட்கார்ந்து எழுதுங்கள். எடைமேடையின் கொள்ளளவு 60 டன் என்றால் 0, 10 கிலோ, 32,767, 32,768, 60,000, அதற்கு மேல் ஒரு படி என்று எல்லையின் இருபுறமும் சோதிக்க வேண்டும்; 5,000, 6,000, 7,000 என்று நடுவில் நூறு எண்களைக் கொடுத்துப் பார்ப்பது ஒரே சோதனையை நூறு முறை செய்வதற்குச் சமம். உங்கள் டெஸ்ட் கேஸ்கள் தேறியதற்கும் அதுவே காரணமாக இருக்கும் என்று ஊகிக்கிறேன்.

தமிழில் அச்சிடும் மென்பொருளுக்கு எண்களைவிடப் பெயர்களே அதிகத் தொல்லை தரும். 'கிருஷ்ணகிரி' நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிகோடில் அது பதினொரு குறி, அதைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 33 பைட். ஊர்ப்பெயருக்கு 30 பைட் இடம் ஒதுக்கிய ஒரு தரவுதளத்தில் கடைசிக் கொக்கி வெட்டுப்பட்டு, எல்லாப் பட்டியல்களிலும் 'கிருஷ்ணகிர' என்று அச்சாகி வந்ததை நானே பார்த்திருக்கிறேன். 'போச்சம்பள்ளி'யில் உள்ள 'போ'வின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் தட்டலாம், இரட்டைச் சுழிக் கொம்பு வேறு கால் வேறாகவும் தட்டலாம். திரையில் வேறுபாடு தெரியாது, ஆனால் நார்மலைசேஷன் (இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றுவது) செய்யாமல் சேமித்தால் ஒரு முறையில் பதிந்த விவசாயி மற்ற முறையில் தேடும்போது கிடைக்கமாட்டார். எங்கள் ஊரையே 'தர்மபுரி' என்றும் 'தருமபுரி' என்றும் எழுதுகிறோம். ஊர்வாரி அறிக்கை அதை இரண்டு ஊர்களாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். குறுஞ்செய்தி அனுப்புகிறீர்கள் என்றால், தமிழில் ஒரு செய்திக்கு 70 குறிகள்தான். எழுபத்தொன்றாவது குறியில் செய்தி இரண்டாகப் பிரிந்து கட்டணமும் இரட்டிக்கும்.

பாரூர் ஏரி எழுதியது:

மேலே உள்ளவற்றை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ஆட்டோமேஷனை முற்றிலும் ஒதுக்கிவிட வேண்டாம். காசு கொடுத்துக் கருவி வாங்கத் தேவையில்லை; எடை, கழிவு, கமிஷன் ஆகிய கணக்குகளுக்கு மட்டும் டெவலப்பரே யூனிட் டெஸ்ட் (நிரலின் ஒரு சிறு பகுதியை மட்டும் தனியே சோதிக்கும் நிரல்) எழுதி, ஒவ்வொரு பில்டின்போதும், அதாவது மென்பொருளைப் புதிதாகக் கட்டும்போதெல்லாம், ஓடவிட்டால் போதும். திரையைச் சொடுக்கிப் பார்க்கும் சோதனைகளை இந்த ஆறு வாரங்களில் தானியங்கியாக்க முயன்றால், அவற்றைப் பழுதுபார்ப்பதிலேயே பருவம் முடிந்துவிடும்.

மண்டிக் கணக்கர் எழுதியது:

நான் கணினிக்காரன் அல்லன். காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மண்டியில் கணக்கு எழுதுகிறேன், இதே வகை மென்பொருள்களை வேறு வேறு ஆட்களிடம் வாங்கிப் பட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ஒரு விவசாயி ஒரே நாளில் மூன்று லாட் இறக்குகிறார். ஒவ்வொன்றுக்கும் கமிஷன் 10 ரூபாய் 40 காசு என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிக்கு வரி ரவுண்டு செய்தால் 30 ரூபாய், கூட்டிய பிறகு ரவுண்டு செய்தால் 31 ரூபாய். சீட்டில் ஒன்றும் பேரேட்டில் மற்றொன்றும் வந்தால், அந்த ஒரு ரூபாய்க்காக இரவு பத்து மணிவரை நான் தேட வேண்டியிருக்கிறது. இதை டெவலப்பரிடம் சொன்னபோது இரண்டுமே சரி என்றார். அவரைக் குறை சொல்வதற்கில்லை, ஏனென்றால் எங்கே ரவுண்டு செய்ய வேண்டும் என்று எங்களிடம் அவர் கேட்கவும் இல்லை, நாங்கள் சொல்லவும் இல்லை. எது சரி என்று எழுதிவைக்காத ஒன்றை நீங்கள் எதை வைத்துச் சோதிப்பீர்கள்?

இன்னொன்று, சோதித்துப் பார்க்கச் சொல்லிப் பருவத்தின் நடுவில், காலை ஏலம் நடக்கும்போது மடிக்கணினியோடு வந்து நிற்காதீர்கள். அந்த நேரத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லித்தான் அனுப்பிவைப்போம். ஒவ்வொரு மண்டியிலும் போன வருடத்துச் சீட்டுக் கட்டு இருக்கும். ஒரு நெருக்கடியான நாளின் கட்டை எடுத்து முழுவதையும் உங்கள் மென்பொருளில் ஏற்றி, மாலைக் கணக்கு எங்கள் பேரேட்டோடு பொருந்துகிறதா என்று பார்ப்பதைவிடப் பெரிய பரீட்சை இல்லை.

ஓசூர் கேஜ் எழுதியது:

ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் ஆலை ஒன்றின் தரப் பிரிவில் வேலை செய்கிறேன். மென்பொருள் என் துறை அன்று, எனினும் உங்கள் முதலாளி டெஸ்டிங்கையும் தர உறுதியையும் ஒன்றாகக் கருதுகிறார் என்று தோன்றுவதால் எழுதுகிறேன். வரிசையின் கடைசியில் நின்று கெட்ட பீஸைப் பொறுக்கி எடுப்பது சோதனை. கெட்ட பீஸ் வராதபடி மெஷினையும் முறையையும் அமைப்பது தர உறுதி. முதலாவது உங்கள் ஒருவர் வேலை, இரண்டாவது ஐந்து பேரின் வேலை.

எங்களிடம் பீஸைத் தலைகீழாக வைத்தால் பொருந்தவே பொருந்தாதபடி ஃபிக்ஸ்சரில் (பீஸைப் பிடித்து வைக்கும் அமைப்பில்) ஒரு பின் அடித்திருப்போம். தவறே செய்ய முடியாதபடி அமைக்கும் இதை போகா யோகே என்பார்கள். உங்கள் பக்கம் அதற்கு இணையானது, மொத்த எடை காலி வண்டி எடையைவிடக் குறைவாக இருந்தால் அந்த வரியை ஏற்றுக்கொள்ளவே கூடாது என்று தரவுதளத்திலேயே ஒரு தடை வைப்பதுதான் என்று நினைக்கிறேன். அப்படி ஒரு தடை இருந்திருந்தால் 16 பிட் பிழை இருந்தபோதும் அந்த மைனஸ் சீட்டு அச்சாகியிருக்காது. யாராவது உடனே உங்களைத் தொலைபேசியில் அழைத்திருப்பார்கள்.

செட்டிங் மாற்றியபின் முதல் பீஸை அளந்து ஒப்புதல் வாங்காமல் நாங்கள் உற்பத்தியைத் தொடங்குவதில்லை. அதேபோல் ஒவ்வோர் இடத்திலும் புதிய பதிப்பை நிறுவியதும் ஒரு வண்டி, ஒரு சீட்டு, ஒரு பட்டுவாடா என்று முழுச் சுற்றையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அளக்கும் கேஜையே நாங்கள் அவ்வப்போது சரிபார்ப்போம்; நீங்களும் பாரூர் ஏரி சொன்ன யூனிட் டெஸ்டுகளைச் சரிபார்க்க வேண்டுமென்றால், கமிஷன் சதவீதத்தை வேண்டுமென்றே தப்பாக மாற்றிவிட்டு அவை அலறுகின்றனவா என்று பாருங்கள். அலறாவிட்டால் அவை பச்சை விளக்கு எரிவதற்காக மட்டுமே இருக்கின்றன.

ஆவணம் பற்றி ஒரு வார்த்தை. நாற்பது பக்க டெஸ்ட் பிளானை யாரும் திறந்து பார்க்கமாட்டார்கள். வெளியிலிருந்து வந்த ஒவ்வொரு பிழைக்கும், எப்படி நுழைந்தது, நம் சோதனை ஏன் அதைப் பிடிக்கவில்லை, இனி எந்தச் சோதனை பிடிக்கும் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதிய ஒரு நோட்டு போதும். எங்கள் ஆலையில் இதற்குப் பெரிய படிவமே இருக்கிறது, ஆனால் அதன் சாரம் இவ்வளவுதான்.

ராயக்கோட்டை ரோடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இன்று டெவலப்பரோடு உட்கார்ந்ததில், வண்டி எண் கட்டத்துக்கு எல்லை எது என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. மூன்று மணி நேரத்தில் இப்படிப் பதினேழு கேள்விகள் சேர்ந்தன. ஊர்ப்பெயரும் சோதித்தேன்: 'போச்சம்பள்ளி' என்று தேடினால் பாதிப் பேர்தான் வருகிறார்கள். முதலாளியிடம் கருவிப் பேச்சைப் பருவம் முடியும்வரை தள்ளிவைக்கச் சொல்லியிருக்கிறேன். இன்னும் ஒரு சந்தேகம்: திருத்தப்படாத பிழைகள் சில இருக்கும்போதே நிறுவ வேண்டிவந்தால், எதை விடலாம் எதை விடக்கூடாது என்று யார் முடிவு செய்வது?

நல்லம்பள்ளி எழுதியது:

பிழை எவ்வளவு கடுமையானது என்பதை நீங்கள் எழுதுங்கள். எதை முதலில் திருத்துவது என்பதை முதலாளி முடிவு செய்யட்டும். இரண்டும் ஒன்றல்ல. 'கிருஷ்ணகிர' என்று அச்சாவதால் ஒரு பைசாவும் தவறாது, எனவே கடுமை குறைவு. ஆனால் அது ஒவ்வொரு சீட்டிலும் வாடிக்கையாளர் கண்ணில் படும் என்பதால் முன்னுரிமை அதிகம். எடை, பணம் தொடர்பான பிழை எதுவும் திறந்திருக்கும்போது நிறுவக்கூடாது என்ற ஒரு விதியை மட்டும் இப்போதே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பருவம் தொடங்கிய பிறகு யாரும் அதற்கு ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

மண்டிக் கணக்கர் எழுதியது:

சீட்டுக் கட்டு வேண்டுமென்றால் முதலாளியிடம் கேட்டு எடுத்துவைக்கிறேன். ஞாயிறு மதியம் மண்டி ஓய்வாக இருக்கும், வாருங்கள். விவசாயிகளின் வங்கிக் கணக்கு எண்ணும் கைப்பேசி எண்ணும் இல்லாமல் படியெடுத்துக்கொள்ள வேண்டும் என்பது மட்டும் என் நிபந்தனை.