கணிதப் பட்டத்திற்குப் பின் டி.எல்.எட். படிப்பதா, பி.எட். படிப்பதா?

கேள்வி: வேலந்தாவளத்துக்காரி

அனைவருக்கும் வணக்கம். என் ஊர் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் வேலந்தாவளத்தை அடுத்த ஒரு சிற்றூர். சோதனைச் சாவடியைத் தாண்டினால் கோயம்புத்தூர் மாவட்டம். பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியிலும், அதன் பிறகு ஆங்கில வழியிலும் படித்துக் கணிதத்தில் பட்டம் பெற்றிருக்கிறேன். வயது 22. ஆசிரியர் வேலைக்குத்தான் போவது என்று முடிவு செய்துவிட்டேன்; எந்த வகுப்புகளுக்கு என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.

மாலை நேரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டு பேருக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த வேலை பிடித்திருப்பதால் டி.எல்.எட். எனும் தொடக்கக் கல்விப் பட்டயம் படித்து எல்.பி. (கீழ்நிலைத் தொடக்க வகுப்பு) ஆசிரியராகலாம் என்று நினைத்தேன். பட்டம் வாங்கிய பெண் மறுபடியும் பிளஸ் டூ முடித்தவர்கள் சேரும் படிப்பில் போய் உட்காருவதா என்று அப்பா வருத்தப்படுகிறார். பி.எட். முடித்தால் எல்.பி. முதல் ஹைஸ்கூல் வரை எதற்கும் விண்ணப்பிக்கலாம் என்றும், கேரள ஆசிரியர் தகுதித் தேர்வான கே-டெட்டின் முதல் பிரிவுதான் எளிது என்றும் ஒரு பயிற்சி மையத்தில் சொன்னார்கள். இரண்டு படிப்புக்கும் இரண்டிரண்டு ஆண்டுகள் ஆகும். தமிழ் வழிப் பள்ளியில்தான் வேலை பார்க்க விரும்புகிறேன். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: யு.பி. டீச்சர், சித்தூர் தாலுகா

அன்புள்ள தங்கைக்கு, பயிற்சி மையத்தில் சொன்னதை முதலில் மறந்துவிடுங்கள். ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்குப் பி.எட். போதும் என்று 2018-இல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது உண்மைதான். ஆனால் தொடக்க வகுப்புகளுக்கான தகுதி பி.எட். அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்ட் 11 அன்று தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே இன்று பி.எட். முடித்துவிட்டு எல்.பி. வேலைக்குக் காத்திருப்பது, பொள்ளாச்சி பஸ்ஸில் ஏறிவிட்டுப் பாலக்காடு எப்போது வரும் என்று கேட்பதைப் போன்றது.

இனி உங்கள் கேள்வி. டி.எல்.எட். படித்தால் எல்.பி.யும் யு.பி.யும் (உயர் தொடக்க வகுப்புகள்) திறக்கும், கணிதப் பட்டத்துடன் பி.எட். படித்தால் யு.பி.யும் ஹைஸ்கூலும் திறக்கும். இரண்டு பாதைகளுக்கும் யு.பி. பொதுவாக இருப்பதை யாரும் உங்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியது, யு.பி.க்குக் கீழே உள்ள சிறு பிள்ளைகள் வேண்டுமா, மேலே உள்ள பெரிய பிள்ளைகள் வேண்டுமா என்பதை மட்டும்தான்.

தேர்வின் எளிமையை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். கே-டெட்டில் முதல் பிரிவு எல்.பி.க்கு, இரண்டாவது யு.பி.க்கு, மூன்றாவது ஹைஸ்கூலுக்கு. முதல் பிரிவிலும் 150 வினாக்கள்தான், இரண்டாம், மூன்றாம் பிரிவுகளிலும் 150 வினாக்கள்தான். நேரம் இரண்டரை மணி, தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. பொதுப் பிரிவினருக்கு 60 விழுக்காடு, அதாவது 90 மதிப்பெண் வேண்டும். பிற்படுத்தப்பட்டோருக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 82 போதும். முதல் பிரிவில் குழந்தை வளர்ச்சி, முதல் மொழி, இரண்டாம் மொழி, கணிதம், சுற்றுச்சூழலியல் என ஐந்து பகுதிகளுக்கும் முப்பது முப்பது மதிப்பெண்கள். முதல் மொழியாக நாம் தமிழை எடுக்கலாம். உங்கள் கணிதப் பட்டம் அங்கே முப்பது மதிப்பெண்ணுக்குத்தான் உதவும். மற்ற நான்கையும் எல்லோரையும் போல உட்கார்ந்து படித்தாக வேண்டும். இரண்டாம் பிரிவில் கணிதமும் அறிவியலும் சேர்ந்த பகுதிக்கு 60 மதிப்பெண் உண்டு. மூன்றாம் பிரிவில் கணிதத்திற்கு மட்டும் 80. உங்களுக்கு எது எளிது என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இந்தத் தேர்வில் வென்றுவிட்டால் வேலை கிடைத்துவிடும் என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் நம் பக்கம் நிறைய. அது வெறும் தகுதிச் சான்று. அரசுப் பள்ளி வேலைக்குக் கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையம் (பி.எஸ்.சி.) தனியே அறிவித்து, தனியே தேர்வு வைத்து, மாவட்டவாரியாக ரேங்க் லிஸ்ட் போடும். தமிழ் வழிக்கென்று வரும் அறிவிக்கைகள் குறைவு. அவற்றுக்கு விண்ணப்பிப்பவர்களும் குறைவு. அறிவிக்கையில் மொழித் தகுதி பற்றிய பகுதியை முதலில் படியுங்கள். பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்ததைக் காட்டும் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் உங்களிடம் இருப்பது, நம் ஊரில் பட்டச் சான்றிதழுக்கு நிகரான சொத்து.

நான் மூன்றாண்டுகள் எல்.பி.யில் தினக்கூலி ஆசிரியராக இருந்துவிட்டுத்தான் யு.பி.க்கு வந்தேன். திண்ணையில் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுப்பது வேறு, ஒன்றாம் வகுப்பில் காலை முதல் மாலை வரை நிற்பது வேறு. வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளை, மலையாளம் கலந்து பேசும் பிள்ளை, பேசவே பேசாத பிள்ளை என எல்லோரையும் வைத்துக்கொண்டு ‘அ’ எழுத வைப்பதற்குள் ஜூன் மாத மழை முடிந்து ஓணம் வந்துவிடும். அதில் எனக்குக் கிடைத்த நிறைவு யு.பி.யில் இன்றுவரை கிடைக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அதே சமயம், யு.பி.யில் கணக்கு மட்டும் எடுக்கலாம் என்றும் எண்ண வேண்டாம். அங்கே பணியிடம் பாடவாரியானது அல்ல, கொடுத்த பாடத்தை எடுக்க வேண்டும்.

மறுமொழி: கணக்கு வாத்தியார், தேவிகுளம் தாலுகா

டீச்சர் சொன்னவை அனைத்தும் சரி. ஆனால் கணிதம் படித்தவர் ஹைஸ்கூலுக்கு வர வேண்டும் என்பதே என் கருத்து. தமிழ் வழியில் படிக்கும் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகள் எட்டாம் வகுப்பில் இயற்கணிதத்தில் தடுமாறும்போது, அவர்கள் மொழியிலேயே விளக்கக்கூடிய ஆள் இல்லாவிட்டால், பத்தாம் வகுப்போடு கணிதத்தைக் கைகழுவி விடுகிறார்கள். எங்களுக்கான பயிற்சி வகுப்புகள் பெரும்பாலும் மலையாளத்தில் நடப்பவை. கேட்டுவிட்டு வந்து தமிழில் சொல்ல வேண்டியது நம் பொறுப்பு. அதனால் மலையாளத்தைச் சரளமாக வாசிக்கப் பழகிக்கொள்ளுங்கள் தங்கச்சி, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அதே நேரத்தில் ஒரு கசப்பையும் மறைக்கக் கூடாது. ஒவ்வோர் ஆண்டும் பள்ளி திறந்த ஆறாம் வேலை நாளில் எடுக்கும் பிள்ளைகள் கணக்கைப் பொறுத்துத்தான் பணியிடங்கள் நிற்கும். எல்.பி.யில் முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது விகிதம். வகுப்பு இருக்கும்வரை ஆசிரியர் இருப்பார். ஹைஸ்கூலில் கணக்கு ஆசிரியரின் இடம் பீரியடு எண்ணிக்கையைப் பொறுத்தது. பெற்றோர் ஆங்கில வழிக்கு மாற்றிக்கொண்டு போகப் போக, ஒரு டிவிஷன் (வகுப்பின் ஒரு பிரிவு) குறைந்தாலே கணக்கு வாத்தியாரின் நாற்காலி ஆடத் தொடங்கும். ஜூன் மாதம் எங்களில் பலர் வீடு வீடாகப் போய்ப் பிள்ளை கேட்பது இதனால்தான்.

மேல்நிலை வகுப்புகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. அதற்கு முதுகலைப் பட்டமும் பி.எட்.டும், கேரள அரசின் எல்.பி.எஸ். மையம் நடத்தும் செட் எனும் மாநிலத் தகுதித் தேர்வும் வேண்டும். டி.எல்.எட். பாதையில் போனால் அந்தக் கதவு தூரமாகிவிடும்.

மறுமொழி: பொள்ளாச்சியிலிருந்து

எல்லையைத் தாண்டி வரும் எண்ணம் இருந்தால் இரண்டு செய்திகளைத் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் டெட் முதல் தாள் ஒன்று முதல் ஐந்து வரைக்கும், இரண்டாம் தாள் ஆறு முதல் எட்டு வரைக்குமானவை. 2018-இல் வந்த அரசாணை 149-க்குப் பிறகு, டெட் தேர்ச்சி பெற்றவர்களும் தனியே ஒரு போட்டித் தேர்வு எழுத வேண்டும். கேரளத்துச் சாதிச் சான்றிதழ் இங்கே இட ஒதுக்கீட்டுக்குச் செல்லாது; பொதுப் போட்டியில்தான் உங்களை வைப்பார்கள். என் மனைவி கொழிஞ்சாம்பாறைக்காரர். இது தெரியாமல் ஓராண்டை இழந்தார். மாறாக, கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கல்லூரியில் பி.எட். படித்துவிட்டுக் கேரளத்தில் விண்ணப்பிப்பதாக இருந்தால், அந்தப் படிப்பு கேரளப் படிப்புக்கு நிகரானது என்று காட்டும் சமநிலைச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. கல்லூரி பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகச் சேர்ந்துவிட வேண்டாம்.

மறுமொழி: யு.பி. டீச்சர், சித்தூர் தாலுகா

தேவிகுளம் சார் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 2025 செப்டம்பர் 1 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி, பணியில் உள்ளவர்களும் பதவி உயர்வு பெற டெட் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். இருபது ஆண்டு அனுபவமுள்ள என் சக ஆசிரியர்கள் இப்போது பிள்ளைகளின் பழைய கைடுகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் எந்தப் படிப்பில் சேர்ந்தாலும் அதற்குரிய இரண்டு பிரிவுகளையும் இளவயதிலேயே எழுதி முடித்துவிடுங்கள். சான்றிதழ் வாழ்நாள் முழுதும் செல்லும்.

அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள்: டி.எல்.எட். சேர்க்கைக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணைப் பார்க்கிறார்கள் என்பதனால் பட்டம் வீணாகிவிடாது. சேரும் முன் ஒரு வாரம் அருகிலுள்ள பள்ளித் தலைமை ஆசிரியரிடம் அனுமதி கேட்டு, இரண்டாம் வகுப்பில் மூன்று நாளும் ஏழாம் வகுப்பில் இரண்டு நாளும் பின்பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள்.

மறுமொழி: வேலந்தாவளத்துக்காரி

டீச்சருக்கும், சாருக்கும், பொள்ளாச்சி அண்ணனுக்கும் மிக்க நன்றி. இந்த இழையை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். 2023 தீர்ப்பைக் கேட்டதும் அமைதியாகிவிட்டார், ஹைஸ்கூல் பணியிடம் பற்றிய பகுதியை மட்டும் இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். நான் படித்த பள்ளியிலேயே அடுத்த திங்கள் முதல் ஒரு வாரம் உட்கார்ந்து பார்க்க அனுமதி கிடைத்திருக்கிறது. மனம் இப்போதும் எல்.பி. பக்கமே சாய்கிறது. ஏழாம் வகுப்பைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.