சனிக்கிழமை மதியம் விருந்தினர் வைஃபை இணைய மாட்டேன் என்கிறது, உதவி தேவை

தேக்கா_நிலையம்:
அவசரம். எங்கள் துணைப்பாட நிலையத்தில் சனிக்கிழமை மதியமானால் மாணவர், பெற்றோர் கைப்பேசிகள் 'ஐபி முகவரி (வலையில் ஒவ்வொரு கருவிக்கும் தரப்படும் எண்) பெறுகிறது' என்று அப்படியே நிற்கின்றன. காலையில் நன்றாக இருக்கிறது. அடுத்த மாதம் மேல்மாடியையும் எடுக்கிறோம். ஆசிரியர், மாணவர், பெற்றோர், தொண்டூழியர், பிரிண்டர், கேமரா எல்லாவற்றுக்கும் தனித்தனி வைஃபை பெயர் வைத்தால் சரியாகுமா?

யீஷூன்வாசி:
ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை அலை பரப்பும் பெட்டி) எத்தனை? சனிக்கிழமை மொத்தம் எத்தனை பேர் வந்து போகிறார்கள்? ஆசிரியர்களுக்கும் இதே தொல்லையா?

காற்றலை:
சேனல் (வைஃபை ஓடும் அலைவரிசை) நெரிசல்தான் காரணம். சுற்றிலும் கடைகள் இருக்குமே. 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 மூன்றுதான் மோதாமல் ஓடும். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். 6 கிகாஹெர்ட்ஸின் கீழ்ப்பகுதியையும் இங்கே சிங்கப்பூரில் 2023இல் வைஃபைக்குத் திறந்துவிட்டார்கள்.

பழையகேபிள்:
இதெல்லாம் அடிப்படை, கேட்பதற்கு முன் கொஞ்சம் படித்திருக்கலாம். பெயரைக் கூட்டாதீர்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒவ்வொரு ஆக்சஸ் பாயின்டும் வினாடிக்குச் சுமார் 10 பீக்கன் ('நான் இருக்கிறேன்' என்ற அறிவிப்பு) அனுப்பும், அதுவும் மிகக் குறைந்த வேகத்தில், வைஃபை நேரத்தைத் தின்றுவிடும். ஊழியர், விருந்தினர், கருவிகள், மூன்று போதும். ஊழியருக்கு ரேடியஸ் (கணக்கைச் சரிபார்க்கும் சர்வர்) வைத்து 802.1எக்ஸ், அதாவது ஆளுக்கொரு கணக்கில் நுழையும் முறை. வேலையை விட்டுப் போனவர் கணக்கை மட்டும் மூடினால் முடிந்தது.

செங்காங்_அக்கா:
அதற்குத் தொண்டூழியர் கைப்பேசியில் சான்றிதழ் (வலை உண்மையானதா என்று சரிபார்க்க உதவும் கோப்பு) யார் போட்டுக் கொடுப்பது? புதிய ஆண்ட்ராய்டு பலவற்றில் 'சரிபார்க்க வேண்டாம்' என்ற தேர்வே இல்லை. சிறிய இடத்துக்கு நல்ல கடவுச்சொல் போதும்.

பழையகேபிள்:
ஒரே கடவுச்சொல் என்றால் ஒருவர் விலகும்போதெல்லாம் எல்லோருக்கும் மாற்ற வேண்டும். இங்குள்ள பொது வைஃபை வயர்லெஸ்@எஸ்ஜிஎக்ஸ் 802.1எக்ஸில்தானே ஓடுகிறது, ஊரே பயன்படுத்துகிறது.

செங்காங்_அக்கா:
அங்கே சிம் அட்டை அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது. இவர்களிடம் அதற்கு ஆள் வேண்டாமா?

தேக்கா_நிலையம்:
ஆக்சஸ் பாயின்ட் 4. நாள் முழுக்க 300 பேருக்கு மேல் வருவார்கள், ஒரே நேரத்தில் 90 பேர் வரை இருப்பார்கள். ஆசிரியர்களுக்குத் தனிப் பெயர், அதில் பிரச்சினை இல்லை.

யீஷூன்வாசி:
அப்படியென்றால் முகவரி தீர்ந்துபோகிறது. விருந்தினர் வலையின் அளவு /24 ஆக இருந்தால் அதில் 254 முகவரிதான். டிஎச்சிபி லீஸ் (ஒரு கருவிக்கு முகவரியை ஒதுக்கிவைக்கும் காலம்) 24 மணி நேரம் என்றிருந்தால், காலை வகுப்பு முடித்து வீட்டுக்குப் போன பிள்ளையின் முகவரியும் மறுநாள் வரை திரும்பி வராது. ஒரே நேரத்தில் 90 பேர்தானே என்று கணக்குப் போடக் கூடாது, லீஸ் காலத்துக்குள் வந்து போகிற எல்லோரையும் எண்ண வேண்டும். லீஸை 2 மணி நேரமாக்குங்கள், வலையை /22 ஆக்குங்கள், 1022 கிடைக்கும். மேல்மாடிக்கும் தாங்கும்.

அப்புறம், விருந்தினர் பக்கம் கிளையன்ட் ஐசோலேஷன் (ஒருவர் கருவி மற்றவர் கருவியை எட்ட முடியாமல் பிரிப்பது) கட்டாயம். பிள்ளைகள் வரும் இடம், கேமராவும் பிரிண்டரும் அந்தப் பக்கம் தெரியவே கூடாது. மேக் முகவரி (கருவியின் அடையாள எண்) வைத்து மாணவரைப் பதிவு செய்யும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஐஓஎஸ் 14 முதல் ஐஃபோன் வலைக்கு வலை வேறு மேக் காட்டும்.

காற்றலை:
சேனலையும் ஒருமுறை பாருங்கள்.

தேக்கா_நிலையம்:
லீஸ் 24 மணி நேரமாகத்தான் இருந்தது. மாற்றிவிட்டோம், இந்தச் சனிக்கிழமை புகார் இல்லை. மூன்று பெயர்தான் வைக்கிறோம். ரொம்ப நன்றி அண்ணே.

செங்காங்_அக்கா:
ஊழியருக்கு ரேடியஸா, கடவுச்சொல்லா? அதைச் சொல்லவில்லையே.