ஐப்பசி மழையைப் பார்ப்பதற்காகவே கோத்தகிரியில் தங்கலாமா?

நாகைக் கடலோரன்:

நாங்கள் நாகப்பட்டினத்தைச் சேர்ந்தவர்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நாட்களில் தரங்கம்பாடிப் பக்கம் கடலைப் பார்த்த சிறு வீடொன்றை வாடகைக்கு எடுத்து, காற்றும் அலையும் ஓங்கி அடிப்பதைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவது எங்கள் குடும்ப வழக்கம். வெயிலைத் தேடிப் போவதைவிட மழையைத் தேடிப் போவதுதான் எங்களுக்குப் பிடித்திருக்கிறது. இந்த ஆண்டு அதே மழையை மலையில் இருந்து பார்க்க வேண்டும் என்று என் மனைவி விரும்புகிறார்.

கோத்தகிரிக்கு அருகே தேயிலைத் தோட்டத்தின் நடுவில் தனி வீடு ஒன்று கிடைத்திருக்கிறது. முன்பக்கம் பள்ளத்தாக்கு தெரிகிறது. பின்பக்கத்தில் மேட்டை வெட்டிச் சமப்படுத்தி வீட்டைக் கட்டியிருப்பதாகத் தெரிகிறது. எங்களுடன் வரும் அம்மாவுக்கு எழுபது வயது கடந்துவிட்டது, ஆஸ்துமாவும் உண்டு. சொந்தக் காரில் வருகிறோம். அக்டோபரில் எந்தப் பகுதி ஏற்றது, அந்த வீட்டை நம்பி முன்பணம் கொடுக்கலாமா, அம்மாவுக்காக எவற்றை ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும் என்று அங்கேயே வசிப்பவர்கள் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

குஞ்சப்பனைக்கு மேலே:

வாருங்கள் ஐயா. மழையைப் பார்க்க வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் குறைவு என்பதால் உங்கள் கேள்வி எனக்கு மகிழ்ச்சியைத் தந்தது. நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் பக்கமும் சரியானதே. நீலகிரி முழுவதும் ஒரே காலத்தில் நனைவதில்லை. கூடலூர், அவலாஞ்சி, மேல்பவானி ஆகிய மேற்குப் பகுதிகள் ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குக் காற்றில் நனைகின்றன. ஐப்பசியில் வங்கக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று கோத்தகிரி, குன்னூர்ச் சரிவுகளில் மோதி, மேலெழுந்து, குளிர்ந்து மழையாகக் கொட்டுகிறது. நீங்கள் கரையில் நின்று உணரும் அதே ஈரக்காற்றுதான் சமவெளியைக் கடந்து இங்கே வந்து சேர்கிறது.

அக்டோபரின் முதல் பாதிக்கும் பிற்பாதிக்கும் வேறுபாடு உண்டு. பருவமழை வழக்கமாக 20ஆம் தேதி வாக்கில்தான் தொடங்கும். அதற்கு முந்தைய நாட்களில் காலை வெளுத்திருக்கும், பிற்பகலில் இடியும் மின்னலுமாக மழை இறங்கும், இரவில் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். பருவமழை பிடித்துவிட்டாலோ நாள் முழுவதும் மூடுபனியும் தூறலும்தான். எதிரே இருக்கும் தேயிலைச் செடியே கண்ணுக்குத் தெரியாமல் போகும். பள்ளத்தாக்கில் மழை நடந்து வருவதைக் கண்ணால் காண வேண்டுமென்றால் முதல் பாதியில் வாருங்கள். அதுவே அம்மாவுக்கும் நல்லது.

இனி வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். எனக்குக் கவலை தருவது முன்னால் உள்ள பள்ளத்தாக்கு அன்று, பின்னால் உள்ள வெட்டிய மேடுதான். இங்கே மழைக்காலத்தில் உயிரிழப்பு பெரும்பாலும் மண்சரிவால் நேர்கிறது. கடலோரத்தில் நீங்கள் துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டைப் பார்த்து முடிவெடுப்பீர்கள். இங்கே அந்தக் கணக்கு செல்லாது. 2009 நவம்பர் 10 அன்று தமிழகக் கரையை எந்தப் புயலும் கடக்கவில்லை, ஆனாலும் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. அந்த மழையில் நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மண்சரிவுகளில் இறந்தார்கள். அதனால் முன்பணம் கொடுப்பதற்கு முன், வீட்டின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மேட்டுக்கும் சுவருக்கும் இடையே நல்ல இடைவெளி இருக்கிறதா, தடுப்புச் சுவர் இருந்தால் அதில் நீர் வடியத் துளைகள் விட்டிருக்கிறார்களா, மேலிருந்து வரும் தண்ணீர் வாய்க்கால் வழியாக விலகிப் போகிறதா என்று பாருங்கள். துளையில்லாத சுவர் பார்க்க உறுதியாக இருக்கும், ஆனால் ஊறிய மண்ணின் எடையும் தேங்கிய நீரின் அழுத்தமும் சேர்ந்தால் அது தாங்காது. மேட்டின் விளிம்பில் உயர்ந்த கற்பூர மரங்களோ (யூகலிப்டஸ்) சீகை மரங்களோ (வாட்டில்) சாய்ந்து நின்றால் வேறு வீடு தேடுவதே நல்லது. படம் அனுப்பத் தயங்கும் வீட்டுக்காரரிடம் தங்க வேண்டாம்.

தங்கியிருக்கும்போது தரையிலோ மேட்டிலோ புதிய வெடிப்பு தெரிந்தாலும், தெளிவாக ஓடிய ஓடை திடீரெனச் செம்மண் நிறமாக மாறினாலும், இரவு என்று பார்க்காமல் வெளியேறிவிடுங்கள். மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077.

ஓய்வுபெற்ற செவிலி:

அம்மாவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல்மட்டத்தில் வாழ்ந்தவருக்கு முதல் நாள் படி ஏறும்போது மூச்சு வாங்கக்கூடும். வந்த அன்று அவர் ஓய்வாக இருக்கட்டும். குளிர்ந்த காற்று, பூஞ்சை பிடித்த சுவர், விறகுப் புகை ஆகிய மூன்றுமே ஆஸ்துமாவைத் தூண்டுபவை. மருந்தை ஆவியாக்கித் தரும் மின்கருவியான நெபுலைசரை மட்டும் நம்பி வர வேண்டாம், ஏனெனில் மழையில் மரம் விழுந்து மின்சாரம் நிற்பது இங்கே வழக்கமான செய்தி. இன்ஹேலரையும் அதில் பொருத்தும் குழாயான ஸ்பேசரையும் போதிய அளவு மருந்தோடு கையில் வைத்திருங்கள்; புறப்படுவதற்கு முன் அவருடைய மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

இதை மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். குளிருக்காக அறைக்குள் கரி அடுப்பு மூட்டாதீர்கள். வாசலில் மூட்டிய அடுப்பைக் கங்கு அணைந்துவிட்டது என்று எண்ணி உள்ளே கொண்டுவந்தும் வைக்காதீர்கள். கதவும் சன்னலும் சாத்திய அறையில் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குபவர் விழிக்காமலே இறந்துபோவார். மலைக்குச் சுற்றுலா வந்த இளைஞர்களே இப்படி உயிரிழந்திருக்கிறார்கள். கம்பளி, காலுறை, வெந்நீர்ப் பை ஆகியவை போதும். புகைபோக்கி உள்ள கணப்பு அடுப்பு வீட்டில் இருந்தாலும், உங்கள் அம்மா இருக்கும் அறையில் அதை மூட்ட வேண்டாம்.

நாகைக் கடலோரன்:

இருவருக்கும் நன்றி. வீட்டுக்காரரிடம் பின்பக்கப் படம் கேட்டிருக்கிறேன். வழியைப் பற்றியும் யாராவது சொன்னால் நல்லது. கொடைக்கானல் எங்களுக்கு அருகில் என்பதால் அங்கே போகலாம் என்றும் வீட்டில் பேச்சு இருக்கிறது.

வத்தலக்குண்டு வழி:

நான் கொடைக்கானல்காரன். எங்கள் மலைக்கும் ஐப்பசி, கார்த்திகைதான் பெருமழைக் காலம். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல் உங்கள் ஊரை எப்படிச் சிதைத்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். அதே புயல் உள்நாட்டைக் கடந்து வந்து இங்கேயும் மரங்களைச் சாய்த்துச் சாலைகளை அடைத்தது. இங்கே வருவதானால் பூம்பாறை, மன்னவனூர் போன்ற மேல்மலை ஊர்களை இந்தப் பருவத்தில் தவிர்த்து, நகரத்திலோ பெருமாள்மலைப் பக்கமோ தங்குங்கள். மேல்மலைச் சாலையில் ஒரு மரம் விழுந்தால் மருத்துவமனைக்கு வர வழியிருக்காது. அம்மாவை அழைத்து வருபவருக்கு அழகைவிட அதுவே முதன்மையானது.

எந்த மலைக்கு வந்தாலும் சொந்தக் காருக்கு இ-பாஸ் (இணையவழி அனுமதிச் சீட்டு) தேவை. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அது நடைமுறையில் உள்ளது. முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள். மழைநாளில் மலைச்சாலையில் இருட்டிய பிறகு ஏற வேண்டாம். நாகையிலிருந்து ஒரே மூச்சில் வராமல், சமவெளியில் ஓர் இரவு தங்கிக் காலையில் ஏறுங்கள். இறங்கும்போது ஏறிய அதே கியரில் இறங்க வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும்.

குஞ்சப்பனைக்கு மேலே:

கொடைக்கானல் நண்பர் சொன்னது கோத்தகிரிக்கும் பொருந்தும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியைவிட கோத்தகிரி வழி உங்களுக்கு நேரானது. மலை ரயிலில் ஏறும் எண்ணம் இருந்தால் அதை மட்டும் நம்பித் திட்டமிட வேண்டாம். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளத்தில் மண்ணும் பாறையும் சரிந்து இந்தப் பருவத்தில் அடிக்கடி ரத்தாகும்.

வானிலை மையத்தின் ஆரஞ்சு எச்சரிக்கை என்றால் ஒரே நாளில் 12 முதல் 20 சென்டிமீட்டர் வரை மழை பெய்யலாம் என்று பொருள். கிளம்புவதற்கு முன் அந்த அறிவிப்பு வந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். வந்த பிறகு அறிவித்தால், பாதுகாப்பான வீடாக இருக்கும்பட்சத்தில், சாலையில் இறங்காமல் உள்ளேயே இருங்கள். மூடுபனியில் மாலை நடையும் வேண்டாம், தேயிலைத் தோட்டத்துக்குள் காட்டெருமையும் கரடியும் மிக அருகே வரும்வரை தெரியாது. அரிசி, பருப்பு, மெழுகுவத்தி, குடிநீர் ஆகியவற்றை இரண்டு நாள் கூடுதலாகத் தாங்கும்படி வைத்துக்கொண்டு, வர்க்கியும் சூடான தேநீருமாகச் சன்னலருகே உட்காருங்கள். நீங்கள் தரங்கம்பாடியில் செய்வதும் அதுதானே.

நாகைக் கடலோரன்:

படம் வந்துவிட்டது. மேட்டுக்கும் சுவருக்கும் இடையே ஓர் ஆள் நடக்கும் அளவே இடம் இருக்கிறது, வாய்க்காலும் இல்லை. அந்த வீட்டை விட்டுவிட்டோம். கோத்தகிரி ஊருக்குள்ளேயே, மேட்டை ஒட்டாத, கிழக்குப் பார்த்த வீடு அக்டோபர் முதல் பாதியில் யாரிடமாவது காலியாக இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன்.