வழித்தோன்றல் பதிப்பில் நுழைந்த விளம்பர வரிகளை நீக்க வழி வேண்டும்

நண்பர்களே, வணக்கம். பெயர் பெற்ற ஒரு லினக்ஸ் இயங்குதளத்தின் மேல், பழைய கணினிகளுக்கான சிறு வழித்தோன்றல் பதிப்பு ஒன்றைப் பராமரித்து வருகிறேன். அண்மைப் புதுப்பிப்புக்குப் பின், மூலத் தளத்தின் கட்டணச் சேவைக்கான விளம்பர வரிகள் எங்கள் முனையத்திலும் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரம்) தோன்றுகின்றன. பயனர்களோ என்னைத்தான் கேட்கிறார்கள்.

2012இல் உபுண்டு என்ற லினக்ஸ் தளத்தின் 12.10 பதிப்பின் தேடலில் அமேசான் பொருள்கள் வந்தது நினைவிருக்கும், 16.04இல்தான் அது இயல்பிருப்பாக அணைக்கப்பட்டது. ஆனால் அது உபுண்டுவின் யூனிட்டி என்ற திரை இடைமுகத்தோடு பிணைந்திருந்ததால், வேறு இடைமுகம் கொண்ட குபுண்டு, சுபுண்டு போன்ற அதன் வகைகள் தப்பின. இப்போது எனக்கு வந்திருப்பது அடிப்படை மென்பொருள் தொகுப்புக்குள்ளேயே இருக்கிறது. அதை நீக்கினால் அதைச் சார்ந்த மீத்தொகுப்பும் (பல தொகுப்புகளை ஒன்றாக நிறுவ உதவும் தொகுப்பு) கூடவே போகிறது. அமைப்புக் கோப்பைத் திருத்தினால், அடுத்த புதுப்பிப்பின்போது எந்தப் பதிப்பை வைத்துக்கொள்வது என்று ஒவ்வொரு பயனரிடமும் கேள்வி எழுகிறது.

ஈக்விவ்ஸ் கருவியால் அதே பெயரில் வெற்றுத் தொகுப்பு உருவாக்கலாமா? தொகுப்புகளை நிறுவும் ஆப்ட் கருவியில் அதன் முன்னுரிமையை எதிர்மறையாக வைத்துத் தடுப்பது போதுமா? எது நீண்ட நாள் நிலைக்கும்? பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் ஒருபோதும் தடைபடக் கூடாது.

மூலத் தளத்தினர் வருவாய் ஈட்டுவதில் எனக்கு வருத்தமில்லை. அவர்கள் உழைப்பில்தான் நாங்கள் நிற்கிறோம். ஆனால் எங்கள் பயனர்கள் அந்த விளம்பரத்துக்கு இசையவில்லை. லினக்ஸ் மின்ட் குழு டெபியன் என்ற வேறொரு லினக்ஸ் தளத்தின் மீது தனிப் பதிப்பொன்றை வைத்திருப்பதுபோல் நாங்களும் டெபியனுக்கு மாறலாம். தனியாளுக்கு அது பெரும் வேலை. அப்படி மாறியவர்கள் இருந்தால் உங்கள் அனுபவத்தைத் தயவுசெய்து விரிவாக எழுதுங்கள்.