பாசித் தெப்பத்தில் தண்டு வெளுத்து ஒடிகிறது, மருந்து உண்டா?

கேள்வி:
மீன்பாடு குறைந்ததால் கப்பாஃபைகஸ் என்ற கடற்பாசி வளர்க்கிறோம். 12க்கு 12 அடி மூங்கில் தெப்பம், 20 கயிறு. மூன்றாம் வாரத்தில் தண்டு வெளுத்து ஒடிகிறது. என்ன மருந்து போடலாம்?

பதில் 1:
மருந்தெல்லாம் கிடையாது. இது ‘ஐஸ்-ஐஸ்’ நோய். தண்ணீர் சூடேறினாலோ, மழைநீர் கலந்து உப்பு குறைந்தாலோ, ஓட்டம் இல்லாவிட்டாலோ பாசி தளரும். பிறகுதான் பாக்டீரியா புகும். வெளுத்த தண்டை வெட்டிக் கரைக்குக் கொண்டுவாருங்கள், கடலில் வீசாதீர்கள். தெப்பத்தை நீரோட்டமுள்ள, சற்று ஆழமான இடத்துக்கு நகர்த்துங்கள்.

பதில் 2:
முடிச்சையும் பாருங்க. நாற்றைக் கயிற்றில் இறுக்கிக் கட்டினால் அந்த இடத்திலேயே அறுந்துவிடும், அது நோயல்ல. நுனி கடிபட்டிருந்தால் பாசி தின்னும் ஓரா மீன் வேலை, அடியில் வலை கட்டுங்க. வண்டல் படிந்தால் கயிற்றை உதறிவிடணும்.

கேட்டவர்:
முடிச்சில் இல்லை, நடுத்தண்டில்தான். மிச்சத்தை விதைக்கு வைக்கலாமா?

பதில் 1:
கூடாது. காயவைத்து விற்றுவிடுங்கள், மணலில் அல்ல, பரண்மேல். 10 கிலோ பச்சைப் பாசிக்குச் சுமார் 1 கிலோ தேறும். விதைக்கு நோயில்லாத தெப்பத்தின் இளம் நுனிதான் வேண்டும். பவளப்பாறைப் பக்கம் மட்டும் தெப்பம் போடாதீர்கள்; உதிர்ந்த துண்டு பாறைமேல் படர்ந்து மூடிவிடும்.