பொருள்: ‘பாயின்ட் ஸ்பிரெட்’ – தமிழில் ஒரு சொல் வேண்டும்

செவ்வாய், 26 நவம்பர் 2024
ஆன் ஆர்பரிலிருந்து

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

வருகிற சனிக்கிழமை நண்பகல், கொலம்பஸில் மிச்சிகனும் ஒஹாயோ ஸ்டேட்டும் மோதுகின்றன. இந்த இரண்டு பல்கலைக்கழகங்களும் முதன்முதலில் அமெரிக்கக் கால்பந்து ஆடியது 1897-இல். இங்கே இந்த வாரம் வேறு பேச்சே கிடையாது. மளிகைக் கடை வரிசையில் நின்றாலும், பல் மருத்துவர் முன்னால் வாயைத் திறந்து படுத்திருந்தாலும், “சனிக்கிழமை என்ன ஆகும்?” என்பதுதான் கேள்வி.

எங்கள் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் மாதம் ஒரு சுவரிதழ் ஒட்டுகிறார்கள். அதற்கு ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி இந்த ஆட்டத்தைப் பற்றி எழுதிக்கொண்டு வந்தாள். நல்ல எழுத்து. அதில் ஒரு வரி: “ஒஹாயோ ஸ்டேட்டுக்கு 20 புள்ளிப் பரவல் இருக்கிறது.” ஊரிலிருந்து வந்திருக்கும் அவளுடைய பாட்டி அதை விரல் வைத்துப் படித்துவிட்டு, “பரவலா மழைன்னு சொல்லுவாங்க. புள்ளி எப்படிம்மா பரவும்?” என்று கேட்டார். அவளுக்குப் பதில் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

அமெரிக்கக் கால்பந்தைப் பின்தொடராதவர்களுக்காக, இந்த 20, அதாவது ஆங்கிலத்தில் ‘பாயின்ட் ஸ்பிரெட்’ என்பது, என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒஹாயோ ஸ்டேட் 10 வெற்றி, 1 தோல்வியோடு தரவரிசையில் 2-ஆம் இடத்தில் இருக்கிறது. அந்த ஒரு தோல்வியும் ஆரிகனிடம் ஒரே புள்ளியில். எங்கள் மிச்சிகன் 6 வெற்றி, 5 தோல்வி, தரவரிசையிலேயே இல்லை. யார் வெல்வார் என்று மட்டும் பந்தயம் வைத்தால் எல்லாரும் ஒரே பக்கம் போய்விடுவார்கள். அதனால் பந்தயம் நடத்துகிறவர்கள் மிச்சிகன் கணக்கில் ஏறத்தாழ 20 புள்ளியைக் காகிதத்திலேயே சேர்த்துவிட்டு, ‘இப்போது சொல்லுங்கள், எந்தப் பக்கம்?’ என்று கேட்கிறார்கள். ஒஹாயோ ஸ்டேட் பக்கம் போனவர் ஜெயிக்க, அந்த அணி 21 அல்லது அதற்கு மேல் வித்தியாசத்தில் வெல்ல வேண்டும். மிச்சிகன் பக்கம் போனவருக்கு, அணி 19 புள்ளியில் தோற்றாலும் போதும். சரியாக 20 என்றால் கட்டிய பணம் திரும்பிவிடும். அந்தச் சங்கடம் வேண்டாம் என்று பல நேரம் 19½, 20½ என அரைப் புள்ளி வைப்பார்கள். 1940-களில் இந்த முறையைக் கொண்டுவந்தவர் என்று, கணக்கு வாத்தியாராக இருந்து பின்னால் சிகாகோவில் பந்தயம் நடத்திய சார்ல்ஸ் மெக்னீலைச் சொல்கிறார்கள்.

நான் பந்தயம் கட்டுவதில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மாலை அடுத்த வாரத்து எண் வந்ததும் முதலில் பார்ப்பேன். 2018-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு பல மாநிலங்களில் பந்தயம் சட்டப்படியே நடப்பதால், தொலைக்காட்சித் திரையின் ஓரத்திலேயே அந்த எண் வந்துவிடுகிறது. ரசிகனுக்கு அது ஓர் எடைக்கல். நம் ஆசையை ஒரு தட்டில் வைத்து மறுதட்டில் இதை வைத்துப் பார்க்கலாம். ஹால் ஸ்டெர்ன் என்ற புள்ளியியலாளர் 1991-இல் தொழில்முறை ஆட்டங்களை வைத்துக் காட்டினார்: உண்மையான முடிவு இந்த எண்ணைச் சுற்றி ஏறத்தாழ 14 புள்ளித் திட்ட விலக்கத்தோடு சிதறுகிறது, அதாவது மூன்றில் இரண்டு ஆட்டம் போல அந்த எண்ணிலிருந்து 14 புள்ளிக்குள் முடிகிறது. அந்தக் கணக்கைக் கடன் வாங்கினால், 3 புள்ளி கொடுக்கிற அணி, அதாவது வலுத்த அணி, வெல்ல வாய்ப்பு நூற்றுக்கு 58 போல. 7 கொடுத்தால் 69. 20 கொடுத்தால் 92. அதாவது சனிக்கிழமை நாங்கள் வெல்லும் வாய்ப்பு பதின்மூன்றில் ஒன்று.

மனசு கேட்கவில்லை, உண்மைதான். எங்கள் தடுப்பாட்டக்காரர் வில் ஜான்சன் காயத்தால் ஆடவில்லை, பந்தை வீசி முன்னேறும் திறமும் இந்த ஆண்டு பாவமாக இருக்கிறது. ஆனால் எங்கள் தடுப்பு வரிசையின் நடுவில் மேசன் கிரஹாமும் கென்னத் கிராண்டும் நிற்கிறார்கள். எதிரே ஒஹாயோ ஸ்டேட்டின் முன்வரிசையில் நடுவே நிற்கும் சென்டர் மெக்லாக்லினும் இல்லை, இடப்பக்க டேக்கிள் சிமன்ஸும் இல்லை. அந்த ஓட்டையில் எங்கள் ஆட்கள் புகுந்தால் 20 என்பது பெரிய எண். 1969-இல் 17 புள்ளி கொடுத்து வந்த இதே ஒஹாயோ ஸ்டேட்டை, எங்கள் அன்றைய பயிற்சியாளர் ஷெம்பெக்லரின் முதலாண்டு அணி 24–12 என்று வீழ்த்தியது.

சரி, சொல்லுக்கு வருகிறேன். ‘பரவல்’ புள்ளியியலில் வேறொன்றுக்கு ஏற்கெனவே போய்விட்டது. ‘விரிவு’ அகராதியைப் பார்த்து எழுதியது போல இருக்கிறது, பொருள் ஒட்டவில்லை. ‘வித்தியாசம்’ ஆட்டம் முடிந்த பிறகு வருவது, இது ஆட்டத்துக்கு முன்னால் வருவது. ‘முன்கணிப்பு’ என்றாலும் முழுதாகச் சரியில்லை. இந்த எண்ணின் முதல் வேலை ஆரூடம் சொல்வதல்ல, சமன் செய்வது.

சின்ன வயதில் எங்கள் தெருவில் ஓட்டப் பந்தயம் வைப்போம். பெரியப்பா மகன் புளியமரத்தடியில் நிற்பான். நான் பத்தடி முன்னால், கோயில் திட்டுக்கு நேராக நிற்பேன். அந்தப் பத்தடி இல்லாவிட்டால் ஓடவே மாட்டேன்; இருந்தால் உயிரைக் கொடுத்து ஓடுவேன். அந்தப் பத்தடிதான் இந்த 20 புள்ளி. ஈடு கட்டுவதற்காகக் கொடுப்பது. ஆகவே ‘ஈட்டுப்புள்ளி’ என்று முன்மொழிகிறேன். உங்கள் கருத்துக்குக் காத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை இதழ் ஒட்ட வேண்டும்.

*

புதன், 27 நவம்பர்
மதுரையிலிருந்து

தம்பிக்கு,

எனக்கு அந்த ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. நீங்கள் விளக்கியதை மூன்று முறை படித்தேன், பத்தடி முன்னால் நின்ற கதையில் புரிந்துவிட்டது.

ஈட்டுப்புள்ளி பிழையில்லை. ஆனால் இன்று ‘ஈடு’ என்றால் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு வங்கியில் வைக்கும் நகையும் வீட்டுப் பத்திரமும்தான் நினைவுக்கு வரும். பந்தயத்துக்குப் பக்கத்தில் அந்தச் சொல் நின்றால், எதையோ அடகு வைத்து ஆடுவதாகப் படிப்பார்கள். பிள்ளைகள் இதழுக்கு அது வேண்டாமே.

நம்மிடம் ஒரு பழைய சொல் இருக்கிறது: வாசி. திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது அப்பருக்கும் சம்பந்தருக்கும் நாளுக்கு ஒரு படிக்காசு கிடைத்தது என்பது வரலாறு. அப்பர் பெற்றது நல்ல காசு. கடைக்காரர் கையில் வாங்கியதும் பண்டம் தந்தார். சம்பந்தர் பெற்ற காசுக்கு, தரம் குறைவு என்று வட்டம், அதாவது கழிவு, பிடித்தார்கள். அதை மாற்றி, பேசி முடித்து, அரிசி வந்து சேர நேரமாகும்; அதனால் அவர் மடத்தில் அடியார்களுக்கு உணவு தாமதமானது. அப்போது பாடியதுதான் “வாசி தீரவே காசு நல்குவீர்” என்ற பதிகம். ஏழாம் நூற்றாண்டுச் சொல். இரண்டு காசுகளுக்கு நடுவே உள்ள தர வேறுபாட்டுக்காகச் சந்தை வைக்கும் எண் வாசி. உங்கள் 20 அதுவேதான். அங்கே காசு, இங்கே அணி.

‘இதற்கும் அதற்கும் என்ன வாசி’ என்று வேறுபாட்டுக்கும் சொல்வதுண்டு. முக்கால்வாசி, பாதிவாசி என்று அளவாகவும் தினமும் நம் வாயில் இருக்கிறது. ‘புள்ளிவாசி’ என்று வைத்துப் பாருங்கள்.

*

புதன், 27 நவம்பர், இரவு
கொலம்பஸிலிருந்து

ஐயா, உங்கள் மடலைப் படித்ததும் எனக்கு மெய்சிலிர்த்தது. தம்பி, உங்களுக்கு வணக்கம். சனிக்கிழமை மட்டும் நாம் வேறு வேறு கட்சி.

‘வாசி’ எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ‘புள்ளிவாசி’ வேண்டாம். என் மகனிடம் சொல்லிப் பார்த்தேன். சென்னைவாசி, நகரவாசி மாதிரி யாரோ புள்ளியில் குடியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான். வெறும் ‘வாசி’ போதும். ‘புத்தகத்தை வாசி’யோடு குழம்பாதா என்று கேட்டால், பக்கத்தில் எப்போதும் ஓர் எண் நிற்கும், குழம்பாது. ‘இந்த வாரம் வாசி 20.’ ‘வாசி ஏழுக்கு இறங்கிவிட்டது.’ சொல்லிப் பாருங்கள், வாயில் நன்றாக உருள்கிறது.

எனக்கு இன்னொரு கவலை. பெயர்ச்சொல் மட்டும் கிடைத்தால் போதாது. ரசிகர்கள் பேசும்போது வினைச்சொல்தான் அதிகம் வேண்டும். எங்கள் அணி 24 புள்ளியில் வென்றால் என்ன சொல்வது? ‘வாசியைத் தாண்டியது’ என்கிறேன் நான். 10 புள்ளியில் வென்றால் ‘வாசிக்குள் வென்றது’. நீங்கள் 10 புள்ளியில் தோற்றால் ‘வாசிக்குள் தோற்றது’. ஐயா காட்டிய ‘வாசி தீர’ என்பதையும் பயன்படுத்த ஆசை, ஆனால் எதற்கு என்று தெரியவில்லை. தாண்டுவதற்கா?

ஆட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். 2021, 2022, 2023 என்று மூன்று வருடம் தொடர்ந்து உங்களிடம் தோற்றிருக்கிறோம். போன சனிக்கிழமை இந்தியானாவை 38–15 என்று அடித்த அணியைப் பார்த்த பிறகு எனக்கு 20 அதிகமாகத் தெரியவில்லை. ஆனால் எங்கள் அணியின் முன்வரிசையைப் பற்றி நீங்கள் எழுதியது என்னை இரண்டு முறை யோசிக்க வைத்தது. வீசும் பந்தைப் பிடிக்க ஜெரமையா ஸ்மித்தும் எக்புகாவும் இருக்கும்போது எதற்கு நடுவிலேயே முட்ட வேண்டும்? ஓரத்தில் வீசினால் நாங்கள் வாசியைத் தாண்டுவோம். நடுவிலேயே முட்டினால் வாசிக்குள்தான்.

*

வியாழன், 28 நவம்பர்
மதுரையிலிருந்து

தாண்டுவதற்கு அல்ல, அம்மா. பதிகத்தில் வாசி யாருடைய காசின் மேல் இருந்தது என்று பாருங்கள். குறைவாக மதிக்கப்பட்ட காசின் மேல். தீர வேண்டியது அந்தக் குறை. வலுத்த அணி 24 புள்ளியில் வென்றால் வாசி தீர்வதில்லை, சந்தை சொன்னது சரி என்று ஆகிறது. எளிய அணி சமமாக நின்று வென்றுவிட்டால் அன்றைக்குத்தான் வாசி தீர்கிறது. நாளிதழ்கள் அதை ‘அதிர்ச்சித் தோல்வி’ என்று எழுதுகின்றன. அது தோற்றவர் வீட்டு வாசலில் நின்று எழுதுவது. வென்றவர் பக்கம் நின்று சொல்ல உங்களுக்கு ஒரு சொல் வேண்டுமென்றால், ‘வாசி தீர வென்றது’ என்று சொல்லலாம்.

*

ஞாயிறு, 1 டிசம்பர் 2024
ஆன் ஆர்பரிலிருந்து

ஐயாவுக்கும் அக்காவுக்கும் வணக்கம். தொண்டை கட்டியிருக்கிறது, விரல்கள்தான் வேலை செய்கின்றன.

மிச்சிகன் 13, ஒஹாயோ ஸ்டேட் 10.

பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: பாதி ஆட்டத்தில் 10–10. அதன் பிறகு ஒஹாயோ ஸ்டேட் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. அக்கா பயந்தபடியே நடுவிலேயே முட்டினார்கள். ஆட்டம் முழுக்க ஓடி எடுத்தது 77 யார்டு. கிரஹாமும் கிராண்டும் நின்ற இடத்தில் வழி இல்லை. பந்தை உதைத்துப் புள்ளி எடுக்கும் ஃபீல்ட் கோல் அவர்களுக்கு இரண்டு தவறியது, பந்தை வீசும் அவர்களுடைய குவார்ட்டர்பேக் வில் ஹோவர்டின் இரண்டு வீச்சை எங்கள் ஆட்கள் பறித்தார்கள். எங்கள் குவார்ட்டர்பேக் வீசி எடுத்தது மொத்தமே 62 யார்டு. அதை வைத்துக்கொண்டு யாரும் கொலம்பஸில் வெல்வதில்லை. கடைசியில் எங்கள் கேலல் மல்லிங்ஸ் 27 யார்டு ஓடினார். அப்போது நான் நாற்காலியில் இல்லை. எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 45 வினாடி இருக்கும்போது எங்கள் டொமினிக் ஸ்வாடா 21 யார்டிலிருந்து உதைத்து அந்த மூன்று புள்ளியை எடுத்தார்.

வெள்ளிக்கிழமை இதழில் “இந்த ஆட்டத்துக்கு வாசி 20” என்று போயிருந்தது. பாட்டி வந்து படித்தார். “ஓ, வாசியா? அப்போ அந்தக் காசு கொஞ்சம் மட்டம்னு சொல்றாங்க” என்றார். யாரும் விளக்கவில்லை.

இன்று காலை வகுப்புக்கு முன்னால் அந்தப் பெண் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்து, பழைய வரிக்குக் கீழே ஒட்டினாள்: “மிச்சிகன் வாசி தீர வென்றது.” ‘தீர்ந்து’ என்று எழுதி அடித்துவிட்டு ‘தீர’ என்று திருத்தியிருந்தாள். அவளாகவே திருத்தியது.

அக்கா, நேற்று உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று தெரியும். மூன்று, இப்போது நான்கு. ஆனால் உங்கள் அணிக்கு இந்த ஆண்டு இன்னும் பட்டத்துக்கான ஆட்டம் மிச்சம் இருக்கிறது, எங்களுக்கு இதுதான் எல்லாம். இரு பக்கத்துக்கும் பொதுவாகக் குழுவின் சொற்பட்டியலில் இப்படிச் சேர்க்கிறேன்: வாசி, வாசியைத் தாண்டு, வாசிக்குள் வெல், வாசிக்குள் தோல், வாசி தீர வெல். வென்ற வித்தியாசமும் வாசியும் சரியாகச் சமன் ஆனால் என்ன சொல்வது என்பது மட்டும் பாக்கி. ‘வாசி சரிப்பட்டது’ என்று வைத்திருக்கிறேன். இதைவிட நல்லது யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.