மோட்டார்ஹோம் லேஅவுட்: இருக்கை, அடுப்பு விஷயத்தில் நேரில் பார்த்ததைப் பகிருங்கள்

ஆறுமீட்டர்

உள்ளேயே தங்கிச் சமைக்கும் 5.99 மீட்டர் மோட்டார்ஹோம் வேன். எல்லாருக்கும் தெரிந்த அமைப்புதான்: முன்னால் சுழல் சீட் இரண்டு, பின்னால் பாதி டைனெட் (மேசையோடு ஒரு பெஞ்ச்), பக்கக் கதவோரம் சமையல் மேடை, கடைசியில் குறுக்குக் கட்டில். வண்டி பார்க்க வந்தவர்கள் குழந்தை சீட்டையும் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். சீட்டை வண்டியோடு பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி இரண்டும் டக்கென்று மாட்டின, பச்சைக் குறியும் வந்தது. சீட்டின் முன்பக்கத் தாங்குகாலை இறக்கினார்கள். அது போய் நின்றது தரையில் இல்லை, டைனெட்டுக்காக உயர்த்திக் கட்டிய மேடைக்குள் இருக்கும் சாமான் பெட்டியின் மூடியில். விரலால் தட்டினால் உள்ளே காலி என்று தெரிந்தது. அந்த 'டொக்' சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

வண்டி மோதும்போது சீட் முன்னால் கவிழாமல் தடுக்கும் விசையில் பெரும்பங்கு அந்தக் காலில்தான் இறங்கும். மெல்லிய பிளைவுட் மூடி அதைத் தாங்காது. சில தயாரிப்பாளர்கள் பெட்டிக்குள் இறுக்கமாக உட்காரும் அடைப்புக் கட்டை தருகிறார்கள். அந்த மாடலுக்கென்று வந்ததை மட்டும் போடுங்கள், பழைய மரத்துண்டைத் திணிக்க வேண்டாம். கட்டை கிடைக்காவிட்டால் தாங்குகால் இல்லாத, மூன்று முனை பெல்ட்டால் கட்டும் சீட்டைத் தேடுவதே வழி. டைனெட்டில் பின்னோக்கிப் பார்த்த இருக்கை இருந்தால் அங்கே பெரும்பாலும் இடுப்பு பெல்ட் மட்டும்தான் இருக்கும். குழந்தை சீட்டுக்கு அந்த இடமே வேண்டாம்.

இன்னொன்று: டைனெட் மெத்தைக்குப் பயண நிலை, படுக்கை நிலை என்று இரண்டு உண்டு. பயண நிலையில் முன்விளிம்பு உயர்ந்திருக்க வேண்டும், உட்கார்ந்தவர் பெல்ட்டுக்குக் கீழே வழுக்கிப் போகாமல் பிடிப்பது அதுதான். காலையில் கட்டிலைக் கலைத்துவிட்டுத் தட்டையாகவே விட்டு ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

நடைவழி

குழந்தை சீட்டை விடுங்கள், பெரியவர்களே அந்த அமைப்பில் உட்கார முடிகிறதா என்று முதலில் பாருங்கள். காட்சிக்கு நின்ற ஒரு வண்டியில் ஒருவர் ஓட்டுநர் சீட்டைத் திருப்பி உட்கார்ந்தார். கால் தரையைத் தொடவில்லை, அந்தரத்தில் ஆடியது. விற்பனையாளர் உடனே ஒரு சின்ன முக்காலியை எடுத்துப் போட்டார். தயாராக வைத்திருந்தார் என்பதுதான் உறுத்தல்.

காரணம் எளிது. ஓட்டுநர் பகுதியின் தளம் வீட்டுப் பகுதியின் தளத்தைவிடத் தாழ்வு. சீட்டின் அடிப்பெட்டி உயரத்தோடு சுழல் தட்டின் கனமும் சேர்கிறது. ஓட்டும்போது சரியாக இருக்கிற உயரம், திருப்பியதும் உயர்ந்த ஸ்டூலாகிவிடுகிறது. உயரம் குறைந்த அடிப்பெட்டி போடலாம், அல்லது முன்தளத்தை உயர்த்திச் சமப்படுத்திய வண்டியாகப் பார்க்கலாம். டைனெட் பெஞ்ச் 42–45 செ.மீ. உயரத்தில் இருந்தால் பெரும்பாலோருக்குப் பொருந்தும். சுழல் சீட் அதைவிட மிகவும் உயர்ந்திருந்தால் ஒரே மேசை இரண்டு பக்கத்துக்கும் ஒத்துவராது.

சீட்டைத் திருப்பக் கதவைத் திறக்க வேண்டுமா என்றும் பாருங்கள். சில வண்டிகளில் கைப்பிரேக் லீவரைக் கீழே தள்ளினால்தான் சீட் சுற்றும். அப்படியானால் வண்டியைக் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்த பிறகே சீட்டில் கை வைக்க வேண்டும்.

நீலச்சுடர்

அடுப்பைப் பற்றி யாருமே பேசவில்லையே. நான் பார்த்த ஒரு வண்டி: இரண்டு பர்னர், மேலே கண்ணாடி மூடி, பக்கத்திலேயே சிங்க், அதற்கும் கண்ணாடி மூடி. நடுவில் வெற்று மேடை ஒரு சாண்கூட இல்லை. சமைத்து முடித்து, பாத்திரத்தை இறக்கி, நறுக்க இடமில்லாமல் அடுப்பு மூடியைச் சாத்தினார் அந்த அம்மா. சில விநாடிதான். படீரென்று வெடித்து, பர்னர் துளையிலிருந்து மெத்தை மடிப்பு வரைக்கும் கண்ணாடிக் குருணை.

அது டெம்பர்டு (சூடாக்கி வலுவூட்டிய) கண்ணாடி. பர்னரும் கம்பிச்சட்டமும் சூடாக இருக்கும்போது மூடினால் ஓரிடம் மட்டும் காய்ந்து, உள்ளே இருக்கும் இழுவிசை ஒரேயடியாக விடுபட்டு முழுத்தகடும் சிதறும். மூடியில் எச்சரிக்கை ஒட்டியிருப்பார்கள். ஆனாலும் நான் அந்த அம்மாவைக் குறை சொல்லமாட்டேன். மேடையே கொடுக்காத லேஅவுட்தான் அவரை மூட வைத்தது. அடுப்பும் சிங்கும் நீங்கலாகக் குறைந்தது 40 செ.மீ. வெற்று மேடை இருக்கிறதா என்று டேப் பிடித்து அளந்துவிடுங்கள். இல்லையென்றால் மேடை முனையில் மடக்குப் பலகை போட முடியுமா, அதைத் தூக்கினால் வாசல் அடைபடுமா என்று பாருங்கள். சிங்க் மூடியைக் கண்ணாடிக்குப் பதில் மரப்பலகையாக மாற்றிக்கொள்ளலாம்.

பக்கக் கதவை ஒட்டிய அடுப்பில் இன்னொரு தொல்லை காற்று. சுடர் அணைந்தாலும் அதன் சூட்டை உணரும் தெர்மோகப்பிள் குளிர்ந்து வால்வு மூடும்வரை கேஸ் கொஞ்ச நேரம் கசியும். எல்பிஜி காற்றைவிடக் கனம், நேரே தரைக்குத்தான் இறங்கும். அதற்காகத்தான் தரையில் வெளியேற்றுத் துளை வைத்திருக்கிறார்கள். குளிர் வருகிறது என்று அதன்மேல் மிதியடி போட்டு மூடியிருந்த வண்டிகளைப் பார்த்தாலே பதறுகிறது.

வெயில்தகடு

நீலச்சுடர் சார், கேஸையே தூக்கிவிட்டால் பாதிப் பிரச்சினை போய்விடும். இண்டக்ஷன் போடுங்கள், தட்டையான மேடையே கிடைக்கும். ஆனால் கணக்குப் போட்டுவிட்டுப் போட வேண்டும். நான் பார்த்த ஒரு வண்டியில் 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி ஒன்று, 2000 வாட் இன்வெர்ட்டர். புது வண்டி, எல்லாம் பளபளப்பு. இண்டக்ஷனை முழு வேகத்தில் வைத்ததும் மொத்த வண்டியும் இருண்டது. விளக்கு இல்லை, தண்ணீர் பம்ப் இல்லை, ஃப்ரிட்ஜ் இல்லை. இன்வெர்ட்டர் பழுது என்று அதைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

இன்வெர்ட்டர் நன்றாகத்தான் இருந்தது. 2000 வாட்டை 90 சதவீதத் திறனில் எடுக்க 12.8 வோல்ட்டில் சுமார் 174 ஆம்பியர் வேண்டும். அந்த அளவுப் பேட்டரிகளில் பலவற்றின் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் மின்சுற்று) 100 ஆம்பியர்தான் தொடர்ந்து விடும், மீறினால் பேட்டரியையே துண்டித்துவிடும். ஒரு வழி: இரண்டு பேட்டரியை இணையாகப் போடுங்கள். இல்லையென்றால் 800–1000 வாட்டில் நிறுத்தக்கூடிய அடுப்பு வாங்குங்கள். விலை மலிவான இண்டக்ஷன் 'குறைந்த வேகம்' என்று முழு வாட்டையே விட்டு விட்டு எடுக்கும், அது உதவாது. இன்வெர்ட்டர் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். ஒன்றரை மீட்டருக்குள் 70 சதுர மி.மீ. கேபிள், பேட்டரி முனையிலேயே ஃபியூஸ். சமையல் மேடை ஒரு கோடியிலும் பேட்டரி மறு கோடியிலும் இருந்தால் 230 வோல்ட் பக்கத்தை நீட்டுங்கள், 12 வோல்ட் பக்கத்தை நீட்டாதீர்கள்.

மின்செலவு பயப்படும் அளவுக்கு இல்லை. ஒரு லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்க 93 வாட்-அவர். இழப்பெல்லாம் சேர்த்து 120 என்று வையுங்கள், பேட்டரியில் 9 ஆம்பியர்-அவர் சொச்சம். ஓடும்போது எஞ்சினிலிருந்து பேட்டரியை ஏற்றும் 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் இருந்தால் 20 நிமிட ஓட்டத்தில் திரும்ப ஏறிவிடும்.

நீலச்சுடர்

ஓடிக்கொண்டே இருப்பவருக்கு உங்கள் கணக்கு சரி, வெயில்தகடு. மூன்று நாள் ஒரே இடத்தில், மேகமூட்டத்தில் நிற்பவருக்கு? ஒரு கிலோ புரொப்பேனில் 12.8 யூனிட் வெப்பம் இருக்கிறது. 1.8 கிலோவாட் பர்னரை முழுச் சுடரில் எரித்தால் மணிக்கு 140 கிராம். 5 கிலோ சிலிண்டர் 35 மணி நேரம் எரியும். அதே வெப்பத்துக்குப் பேட்டரி எவ்வளவு கனம் என்று நீங்களே பாருங்கள்.

உங்கள் பக்கத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, நீங்கள் சொல்லாமல் விட்டது: ஈரம். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 கிலோ நீராவி வண்டிக்குள்ளேயே சேரும். ஆகவே கேஸ் அடுப்புக்கு நேர் மேலே கூரைச் சன்னலோ உறிஞ்சு விசிறியோ இல்லாத லேஅவுட்டை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். அது கட்டிலுக்கு மேலேதான் இருக்கிறது என்றால் ஈரமும் நெடியும் படுக்கையைக் கடந்துதான் வெளியே போகும். குளிரில் பியூட்டேன் சிலிண்டரும் வேண்டாம். 0 டிகிரியை நெருங்கினாலே அது ஆவியாவதை நிறுத்திவிடும், புரொப்பேனுக்கு அந்த எல்லை −42.

பின்அச்சு

நீங்கள் இரண்டு பேரும் எரிபொருளைப் பற்றிச் சண்டை போடுகிறீர்கள், சமையலறை வண்டியில் எங்கே இருக்கிறது என்பதை யாரும் கேட்கவில்லை. எடைமேடையில் நின்ற ஒரு வண்டி: பின்னால் முழு அகலச் சமையலறை, நடுவில் லவுஞ்ச். மொத்த எடை 3,500 கிலோவுக்குள். பின் அச்சு மட்டும் அதன் 2,000 கிலோ வரம்பைத் தாண்டி நின்றது. உரிமையாளர் எடைச்சீட்டை வாங்கி இரண்டு முறை படித்தார்.

இது யாருக்கும் நடக்கும், ஆகவே கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். பின் அச்சுக்குப் பின்னால் வைக்கும் எடை நெம்புகோலாக வேலை செய்யும். வீல்பேஸ் (இரண்டு அச்சுகளுக்கும் இடையிலான தூரம்) 4 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அச்சுக்கு 2 மீட்டர் பின்னால் 100 கிலோ ஏற்றினால் பின் அச்சில் ஏறுவது 150 கிலோ. முன் அச்சிலிருந்து 50 கிலோ குறையும். முன்சக்கர இழுவை வண்டியில் அந்த 50 கிலோதான் ஈரப்புல்லில் சக்கரம் சுழன்று நிற்பதற்குக் காரணம். பின் சமையலறை என்றால் ஃப்ரிட்ஜ், ஓவன், பாத்திரம், டப்பாக்கள், சில வண்டிகளில் கேஸ் சிலிண்டரும் அங்கேயே. அதற்கும் பின்னால் சைக்கிள் தாங்கி வேறு.

தூய நீர்த்தொட்டி இரண்டு அச்சுகளுக்கு நடுவில் இருக்கிறதா என்று கேளுங்கள். கனமான பாத்திரம் மேல் அலமாரியில் வேண்டாம், கீழ் இழுப்பறையில் போகட்டும். இடவலமும் பாருங்கள்: சமையல் மேடை, ஃப்ரிட்ஜ், பேட்டரி, வெயில்மறைப்பு நான்கும் ஒரே பக்கம் வந்தால் வண்டி அந்தப் பக்கம் சாய்ந்தே நிற்கும். விற்பனைத் தாளில் உள்ள 'ஓடு நிலை எடை'யில் ஓட்டுநர் 75 கிலோ, 90 சதவீத எரிபொருள் சேர்ந்திருக்கும். தண்ணீரைச் சிலர் 20 லிட்டர் என்று எழுதுவார்கள். 100 லிட்டர் தொட்டியை நிரப்பினால் 80 கிலோ உங்கள் சுமைக் கணக்கிலிருந்து போகும். மூன்று பயணிகள் 225 கிலோ. பெல்ட் நான்கு, படுக்கை நான்கு, சுமை மட்டும் இரண்டு பேருக்கு என்ற வண்டிகள் அப்படித்தான் உருவாகின்றன. வாங்கும் முன் நிரப்பிய தொட்டியோடு ஒவ்வொரு அச்சையும் தனித்தனியாக எடைபோடச் சொல்லுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள்.

கூரைச்சன்னல்

பின்அச்சு சார் கேட்காத அறிவுரையை நிறையவே சொல்லிவிட்டார், ஆனாலும் சரியாகச் சொன்னார். ஆறுமீட்டரின் பாதி டைனெட்டுக்கு மாற்றாக எதிரெதிர் சோபாவும் கூரையிலிருந்து இறங்கும் கட்டிலும் கொண்ட அமைப்பை இப்போது எல்லாரும் கேட்கிறார்கள். அதில் ஒரு காட்சி: கட்டிலை முழுவதும் இறக்கினார்கள். வாசல் கதவின் மேல்பாதி மறைந்தது. உள்ளே இருந்தவர் வெளியே வர மண்டியிட்டுக் குனிய வேண்டியிருந்தது. இரவில் தீ என்றால்? அதே கட்டில் அடுப்பின் ஓரத்தையும் தொட்டுக்கொண்டிருந்தது.

பக்கம் பார்த்த சோபாவைப் பயண இருக்கையாக எண்ண வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்த வகைப் புதிய வாகனங்களுக்கு 2007 முதலே அதற்குத் தடை. சோபாவுக்குள்ளிருந்து பெல்ட் உள்ள சட்டத்தை இழுத்து, முதுகுப் பலகையை மாட்டி, முன்னோக்கிய இருக்கையாக மாற்ற வேண்டும். அதை விற்பனையாளர் செய்து காட்டக் கூடாது, நீங்களே செய்து பார்க்க வேண்டும். மெத்தைகளில் எது எங்கே என்று குழம்பினால் மழை பெய்யும் காலையில் யாரும் செய்யமாட்டார்கள்.

நடைவழி

கூரைச்சன்னல், கட்டில் மேலே இருக்கும்போதும் பிரச்சினை உண்டு. அதற்குக் கீழே நிமிர்ந்து நிற்க உயரம் போதுமா என்று செருப்போடு நின்று பாருங்கள். அப்படியே எல்லாக் கதவையும் ஒரே நேரத்தில் திறந்து வையுங்கள்: ஃப்ரிட்ஜ், ஓவன், குளியலறை, இழுப்பறை, வாசல். ஒருவர் அடுப்பில் நிற்க, மற்றவர் கழிவறைக்குப் போக வேண்டும். நடைவழி 50 செ.மீ., இழுப்பறை வெளியே வருவது 40 என்றால் சமைக்கும்போது யாரும் நகர முடியாது. ஃப்ரிட்ஜை இரண்டு பக்கமும் திறக்கும் கதவுள்ளதாகக் கேளுங்கள். கேஸிலும் ஓடும் அப்சார்ப்ஷன் ஃப்ரிட்ஜ் என்றால், வாசல் கதவை விரியத் திறக்கும்போது அது வெளிச்சுவரில் உள்ள காற்றுத் துளைகளை மூடுகிறதா என்றும் பாருங்கள். மூடினால் ஃப்ரிட்ஜின் பின்பக்கச் சூடு வெளியேறாது, வெயில் நாளில் உள்ளே குளிராது.